கொழுப்பு மாத்திரையும் கண்காணிக்கும் கடமையும்



இருபது வருஷங்களுக்கு முன் என்னிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லி இந்தப் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். இதய ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் வைக்கப்பெற்று ஊர் திரும்பியவர் அவர். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்குக் கால் மணி முன்பே வாசலில் வந்து நிற்கும் ஒழுங்குடையவர். மாத்திரை சாப்பிடுவதிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பார் என்று நான் நம்பியிருந்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில், முன்பு 148ஆக இருந்த எல்.டி.எல். கொழுப்பு 66ஆக இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்து, "எல்லாம் நார்மலாக இருக்கிறது ஐயா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து நெஞ்சுவலியோடு அவரை அழைத்து வந்தார்கள். எல்.டி.எல். 151. ஆபத்து நீங்கி, அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்த பிறகு, மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "நார்மல் என்று நீங்கள்தானே டாக்டர் சொன்னீர்கள்? அன்றைக்கே நிறுத்திவிட்டேன்" என்றார்.

அவர் மீது நான் எவ்விதக் குற்றமும் காணவில்லை. ஜுரம் விட்டதும் கஷாயத்தை நிறுத்துவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தின் கண் கொண்டு பார்த்தால் அவர் செய்தது நியாயமான காரியமே. எண் இறங்கி நிற்பது மாத்திரையின் பலத்தால்தான், மாத்திரை நின்றால் சில வாரங்களிலேயே அது பழைய இடத்திற்கு ஏறிவிடும் என்பதை எடுத்துச் சொல்லாமல் விட்டவன் நான். ஸ்டாட்டின் என்னும் இந்தக் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவோரைக் கண்காணிப்பதென்றால் ஊசி போட்டு ரத்தம் எடுத்துக் காகிதம் பார்ப்பதென்றே அந்நாளில் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு குறைபட்டது என்பதை எனக்குக் கற்பித்தவர் அந்தத் தலைமையாசிரியர். பரிசோதனை வேண்டும், ஆனால் அது சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில் போதும். விசாரிப்பதோ ஒவ்வொரு சந்திப்பிலும் வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று உங்களிடம் விரிவாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

மாத்திரையின் வேலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் சரீரத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று; ஈரல் முதலிய உறுப்புகளே அதை உற்பத்தி செய்கின்றன. அந்த உற்பத்தியின் முக்கியமான கட்டமொன்றை நடத்தும் நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. சொந்த உற்பத்தி குறைந்துபோன ஈரல், தன் தேவையை ஈடுசெய்துகொள்ளும் பொருட்டு, ரத்தத்தில் செல்லும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைத் தன் செல்களின் மேற்பரப்பில் பெருக்கிக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் எல்.டி.எல். குறைகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கும் 1985ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தைக் கண்டுபிடித்தவரோ ஜப்பானியர். டோக்கியோவில் சாங்க்கியோ என்னும் மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த அகிரா எண்டோ, 1971ஆம் ஆண்டு தொடங்கி, ஆயிரக்கணக்கான பூஞ்சண வகைகளை ஒவ்வொன்றாக வளர்த்துச் சோதித்து, கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து 1973இல் கொம்பாக்டின் என்னும் ஸ்டாட்டின் பொருளைப் பிரித்தெடுத்தார். அது முதன்முதலில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட கதையை நான் வைத்திய மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வதுண்டு. 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒசாகா நகரத்து வைத்தியர் அகிரா யமமோட்டோவின் சிகிச்சையில் 18 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்த பரம்பரைக் கோளாற்றினால் அவளுடைய ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராம் அளவுக்கு ஏறியிருந்தது. அவளுக்கு நாள் ஒன்றுக்கு 500 மில்லிகிராம் கொம்பாக்டின் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கத் தொடங்கியது; ஆனால் சில வாரங்களுக்குள் அந்தப் பெண்ணின் தசைகள் வலுவிழந்தன. ரத்தத்தில் தசையின் நொதியும் ஈரலின் நொதியும் உயர்ந்தன. யமமோட்டோ மருந்தை நிறுத்தினார். அவள் தேறியதும் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார். பலன் இருக்கிறதா, தசை எப்படி, ஈரல் எப்படி, அளவு பொருந்துகிறதா என்று நாம் இன்றைக்குக் கவனிக்கும் அத்தனையும் அந்த முதல் நோயாளியிடமே பிரத்தியட்சமாகிவிட்டன. அந்த வைத்தியர் தொந்தரவைக் கண்டதும் மருந்தை ஒரேயடியாகக் கைவிட்டிருந்தால், இந்த ஔஷதத்தின் சரித்திரமே வேறு திசையில் போயிருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்பது வருஷங்களுக்குப் பின், 1987இல், லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. புதிய மருந்தாதலால், சில வாரங்களுக்கு ஒரு முறை ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும், நாய்களுக்கு மிக அதிக அளவில் கொடுத்தபோது கண்ணில் புரை காணப்பட்டதனால் கண்ணையும் வருஷந்தோறும் பார்க்க வேண்டும் என்றும் அக்காலத்தில் விதித்தார்கள். அந்த எச்சரிக்கை அன்றைக்கு அவசியமானதே. மனிதரிடம் அப்படிக் கண்புரை காணப்படாமையால் கண் பரிசோதனை விரைவிலேயே கைவிடப்பட்டது. ஈரல் பரிசோதனையோ கால் நூற்றாண்டு நீடித்தது. லட்சக்கணக்கானவர்களுக்குத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் தெரிய வந்தது இதுதான்: ஸ்டாட்டினால் ஈரல் கடுமையாகப் பழுதுபடுவது லட்சத்தில் ஒருவர் என்னும் அளவுக்கே அபூர்வம், அந்த அபூர்வமான ஒருவரையும் வழக்கமான பரிசோதனை முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே 2012ஆம் ஆண்டில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மருந்து தொடங்குமுன் ஒரு முறை ஈரல் நொதியைப் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு அறிகுறி ஏதேனும் தோன்றினால் பார்க்கலாம் என்று விதியை மாற்றியது. பிரிட்டனில் மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நொதி இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே நின்றால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குக் குறைந்த ஏற்றம் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் முழு உடல் பரிசோதனை என்னும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. வயிற்றை ஸ்கேன் செய்ததும், ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஒரு வரி வந்துவிடுகிறது, அதைக் கண்ட நோயாளி, "ஈரலே கெட்டுப்போயிருக்கிறது, இன்னும் இந்த மாத்திரை வேறா?" என்று தாமாகவே நிறுத்திவிடுகிறார். ஈரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு ஸ்டாட்டின் விலக்கு அன்று. அப்படிப்பட்டவர்களிலே சர்க்கரையும் பருமனும் சேர்ந்திருப்போர் அநேகர். மாரடைப்பு அவர்களைத்தான் அதிகமாகத் தாக்குகிறது. மருந்தின் தேவையும் அவர்களுக்குத்தான் அதிகம். மஞ்சள் காமாலை கண்டாலோ, ஈரல் சுருங்கி முற்றிய நிலைக்குப் போயிருந்தாலோ அது வேறு விஷயம். அங்கே மருந்தை நிறுத்தி வைப்பதே முறை.

தசையைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். மருந்தை நிறுத்துவோரில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் கால் வலிதான். முதலில் கடுமையானதைச் சொல்கிறேன். செரிவாஸ்டாட்டின் என்னும் மருந்து 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தசை நார்கள் உடைந்து, அவற்றின் சத்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்து, 52 பேர் மாண்டதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. அவர்களில் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்னும் மற்றொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து உட்கொண்டவர்கள். ஒன்றின் கழிவை மற்றொன்று தடுக்க, ரத்தத்தில் மருந்தின் அளவு பன்மடங்கு பெருகியதன் விளைவு அது. இன்று வழக்கத்திலுள்ள அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்றவற்றில் அத்தகைய விபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆயினும் அதன் அடையாளத்தை ஒவ்வொரு நோயாளியும் அறிந்திருக்க வேண்டும்: இரண்டு தொடைகளிலும் தோள்களிலும் ஒரே சமயத்தில் வலியோ பலவீனமோ தோன்றி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருப்பதே சிரமமாகி, சிறுநீர் காப்பி டிகாஷன் போலக் கறுத்துப் போகுமாயின், மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிரியாட்டின் கைனேஸ் என்னும் தசை நொதியின் அளவு இயல்பின் மேல்வரம்பைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினால் மருந்து கூடாது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. அறிகுறி ஒன்றும் இல்லாதவருக்கு இந்த நொதியை வீணாகப் பார்க்க வேண்டியதில்லை. வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவருக்கும், நேற்று மூட்டை தூக்கியவருக்கும்கூட அது உயர்ந்துதான் இருக்கும்.

மற்றபடி, நம்மிடம் வந்து சொல்லப்படும் கால் வலிகள் எத்தகையவை? லண்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு அருமையான விடை தந்திருக்கிறது. உபத்திரவம் தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களாகப் பார்த்து 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 புட்டிகள்: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லாத வெறும் மாத்திரை, நான்கு காலி. மாதத்துக்கு ஒரு புட்டி. மாத்திரை உள்ள புட்டியில் இருப்பது எது என்பது சாப்பிடுபவருக்குத் தெரியாது. தினந்தோறும் தம் தொந்தரவுக்குச் சுழியத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட்டுக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி மதிப்பெண் 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, வெறும் மாத்திரை மாதங்களில் 15.4. மாத்திரை என்று ஒன்றை விழுங்குவதே வலியைக் கொண்டுவந்துவிட்டது. அதில் மருந்து இருந்ததா என்பதால் விளைந்த வேற்றுமை மிகச் சொற்பம். 2020இல் வெளிவந்த இந்த முடிவைக் கேட்டு, அந்த வலியெல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடும் வைத்தியர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெறும் மாத்திரை மாதத்திலும் அந்த மனிதருக்கு வலித்தது மெய். அந்த ஆராய்ச்சியாளர்கள் அவரவர் பதிவை அவரவரிடமே காட்டி, மரியாதையோடு விளக்கிச் சொன்னார்கள்; அறுபது பேரில் முப்பது பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள். மருந்தைக் கண்டு ஓடிப்போனவர்களில் சரிபாதி திரும்பி வந்தது, எந்தப் பரிசோதனைச்சாலையாலும் ஆகாத காரியம்.

காரணம் வேறிடத்தில் இருப்பதும் உண்டு. பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், "மாத்திரை போட்டதிலிருந்து கெண்டைக்கால் ரெண்டும் இரும்பா கனக்குதுங்க சார்" என்று சொல்லி வந்தார். பூத்தொடுக்க உட்கார்ந்தால் எழ முடியவில்லை, முகம் சற்று ஊதியிருந்தது, குரல் கட்டியிருந்தது, அந்தச் சித்திரை வெயிலிலும் சேலைத் தலைப்பைத் தோளோடு போர்த்தியிருந்தார். அந்தப் போர்வைதான் எனக்கு வழிகாட்டியது. தைராய்டு சுரப்பைப் பார்த்தோம், மிகக் குறைந்திருந்தது. தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் தானே ஏறும். தசையும் தானே வலிக்கும். அந்த நிலையில் ஸ்டாட்டின் கொடுத்தால் தசை இன்னும் எளிதாகத் துன்பப்படும். தைராய்டு மாத்திரை கொடுத்த சில மாதங்களில் கனம் இறங்கியது. கொலஸ்ட்ராலும் பாதி வழி இறங்கி வந்தது. சர்க்கரை நோயும் இருந்தபடியால் பிறகு சிறிய அளவில் ஸ்டாட்டினைத் தொடங்கினேன். தொந்தரவு எதுவும் வரவில்லை. மருந்து தொடங்குமுன்பே தைராய்டைப் பார்த்திருந்தால் அந்த அம்மாளுக்கு மூன்று மாதத் துன்பம் மிச்சமாகியிருக்கும்.

இனி, எண்களைப் பற்றி. மருந்து தொடங்கியோ, அளவை மாற்றியோ நான்கு முதல் பன்னிரண்டு வாரத்திற்குள் ஒரு முறை கொழுப்பைப் பார்க்க வேண்டும்; பிறகு நிலைமைக்கேற்ப மூன்று மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் ஒரு முறை போதும். பெரும்பாலோருக்கு வெறும் வயிறு அவசியமில்லை; டிரைகிளிசரைடு மிகவும் ஏறியிருப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. அதிக வீரியமுள்ள அளவில் எல்.டி.எல். பாதியாகவேனும் குறைய வேண்டும். நடுத்தர அளவில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வகுத்த முறைப்படி, மாரடைப்பு வந்தவர் போன்ற மிக அதிக ஆபத்துள்ளோருக்கு எல்.டி.எல். 55க்குக் கீழும், அதற்கு அடுத்த நிலையில் உள்ளோருக்கு 70க்குக் கீழும் இருக்க வேண்டும். எல்.டி.எல். ஏறக்குறைய 39 மில்லிகிராம் குறையுந்தோறும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்தீங்குகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பதைப் பல பெரிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளைச் சுமார் ஐந்தரை வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 256 பேரும் சிம்வாஸ்டாட்டின் பெற்றவர்களில் 182 பேரும் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரே தொகையான இரண்டு கூட்டத்தில் 74 உயிர்களின் வித்தியாசம்.

எண் எதிர்பார்த்தபடி இறங்கவில்லையென்றால் உடனே அளவை இரட்டிப்பாக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் குறைவது நூற்றுக்கு ஆறு அளவுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா? "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எவரும் ஆமென்றே சொல்வார். "போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள், மெய்யான விடை வரும். வெளியூர்ப் பயணம், விரதம், பணமுடை, பிள்ளை வாங்கி வர மறந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கிளப்பிவிட்ட பயம் என்று எத்தனையோ காரணங்கள் அப்போதுதான் வெளியே வரும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வரச் சொல்வதும் நலம். வேறு வைத்தியர் கொடுத்த மருந்துகளையும் அதனுடன் பார்த்துவிடலாம். சளிக்கென்று கொடுக்கும் கிளாரித்ரோமைசின், படைக்கென்று கொடுக்கும் இட்ராகோனசோல் ஆகியவை சிம்வாஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் வெகுவாகவும், அட்டோர்வாஸ்டாட்டினின் அளவை ஓரளவும் ஏற்றிவிடும். ரோசுவாஸ்டாட்டினோ ஆசிய இனத்தவரின் ரத்தத்தில் இயல்பாகவே கூடுதலாகத் தங்குவது. அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதே முறை என்று அம்மருந்தின் குறிப்பே சொல்கிறது.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாட்டின் சர்க்கரையைச் சிறிது ஏற்றும் என்பது உண்மை. சர்க்கரை நோயின் எல்லையில் நிற்பவர்களைச் சற்று முன்னதாக அந்த எல்லையைத் தாண்டச் செய்யக்கூடும். ஆதலால் தொடங்குமுன்பும், பின்னர் வருஷத்திற்கொரு முறையும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நம் ஜனங்களுக்கு மிகவும் பொருத்தம். அதற்காக மருந்தை மறுப்பது கூடாது. மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பன்மடங்கு பெரிது. குழந்தை பெறும் உத்தேசமுள்ள பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் பெரும்பாலோருக்கு இம்மருந்து நிறுத்தப்படும்.

அந்தத் தலைமையாசிரியர் இரண்டாம் முறை வீடு திரும்பிய பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, மாத்திரையின் பெயர், அளவு, எல்.டி.எல்., சர்க்கரை, உடம்பில் ஏதேனும் தொந்தரவு என்று கட்டம் கட்டினார். கடைசிக் கட்டத்தின் தலைப்பில், "விட்டுப்போன நாள்களும் காரணமும்" என்று தாமாகவே எழுதினார். அந்தக் கட்டத்தை அவரிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு முறையும் அந்த நோட்டோடுதான் வந்தார். முதலில் அதை என் மேஜை மீது திறந்து வைத்துவிட்டு, பிறகுதான் உட்காருவார். அவர் காலமான பின் அவருடைய மகன் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பதிவு சிவப்பு மையில் இருக்கிறது: எல்.டி.எல். 58, தொந்தரவு இல்லை, விட்டுப்போன நாள்கள் இரண்டு, காரணம், பேத்தி கல்யாணம்.